கூடுதலாக ஒரு மணி நேரம்

என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது, அரையாண்டுத் தேர்வு முடிந்த ஒரு சனிக்கிழமை, அவளுடைய பள்ளியிலிருந்து வரச்சொன்னார்கள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளி அது. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். என் கணவர் வரவில்லை. அவர் சொந்தமாக ஒரு சின்ன சரக்கு வண்டி வைத்து ஓட்டுகிறவர். சாணார்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளி, கத்தரிக்காய், பூ என்று கிடைப்பதை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவார். சந்தை நாளில் அய்யலூருக்கு ஆடு ஏற்றுவார். அன்றைக்கும் லோடு இருந்தது.

தலைமையாசிரியை மகளின் அறிவியல் விடைத்தாளை என் முன்னால் விரித்தார். தாவரங்கள் எப்படி உணவு தயாரிக்கின்றன என்று கேள்வி. அந்தத் தேர்வுக்கு முந்தின நாள் சாயந்திரம் நான் பாத்திரம் கழுவும்போது அவள் பக்கத்தில் நின்று அந்தப் பதிலை முழுசாகச் சொல்லியிருந்தாள். இலையில் என்ன நடக்கிறது, வெயில் எதற்கு, தண்ணீர் எந்த வழியாக மேலே ஏறுகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். விடைத்தாளில் இரண்டே வரிதான் இருந்தது. அதிலும் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். புள்ளி வைக்க வேண்டிய எழுத்துக்குப் புள்ளி இல்லை. ஒரு சொல்லை மூன்று தடவை அடித்து எழுதி, மூன்று தடவையும் வேறு வேறு மாதிரி எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியை கடுமையாகப் பேசவில்லை. இங்கே பாடம் வேகமாகப் போகும், பத்தாம் வகுப்பு வரும்போது பிள்ளைக்குத்தான் கஷ்டம், இப்போதே எளிதான ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டால் நல்லது என்றார். வீட்டில் கொஞ்சம் உட்காரவைத்துப் படிக்கவைக்கலாமே என்றும் சொன்னார். நான் தினமும் உட்காரவைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

எட்டாம் வகுப்புக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். வீட்டிலிருந்து நடந்து போய்விடலாம். எளிதான பள்ளி என்று நினைத்துத்தான் சேர்த்தோம். நடந்தது வேறு.

அந்தப் பள்ளிக்கு வாரத்துக்கு ஒரு நாள் ஒரு சிறப்பாசிரியை ஸ்கூட்டரில் வருவார். காது கேளாத ஒரு பையனுக்கும் நடக்க முடியாத ஒரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பதற்காக வருகிறவர். என்னைவிடச் சின்ன வயசு. ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில், என் மகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து ஒரு வரலாற்றுப் பாடத்தைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். நன்றாகச் சொல்கிறாளே என்று பக்கத்தில் போய், அதே பாடத்தைப் புத்தகத்தில் எடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மகள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்குச் சாயந்திரம் கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் அந்தச் சிறப்பாசிரியை எனக்குப் போன் செய்தார். "அக்கா, செத்த நேரம் பேசலாமா?" என்று ஆரம்பித்தார். நான் அடுத்த புகார் வருகிறது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"பாப்பாவுக்குப் பாடம் தெரியாம இல்லக்கா," என்றார் அவர். "தெரிஞ்சது பேப்பருக்கு வர மாட்டேங்குது. அதுக்கு ஒரு பேரு இருக்கு. நீங்க பயப்படாதீங்க. பெரியாஸ்பத்திரில டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்."

நான் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பின்னால் ஸ்டாக் வைக்கும் அறைக்குள் போய், மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். வருத்தத்தில் வந்த அழுகை இல்லை. அவள் சோம்பேறி இல்லை, நானும் வளர்க்கத் தெரியாதவள் இல்லை என்று வெளியாள் ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்குமேல் என்ன பேர் வைத்தாலும் சரி என்று இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் வண்டியிலேயே போனோம். அங்கே உளவியலாளர் ஒருவர், நிதானமான பெண், மகளை மட்டும் உள்ளே அழைத்து, காலை முழுக்க வைத்திருந்தார். கட்டைகளை அடுக்கச் சொன்னாராம். எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாராம். கதை கேட்டாராம். பிறகு வாசிக்கவும் எழுதவும் சொல்லியிருக்கிறார். எல்லாம் முடிந்தபின் எங்களை உள்ளே கூப்பிட்டார்.

பிள்ளைக்குப் புத்தியில் ஒரு குறையும் கிடையாது, சொல்லப்போனால் வயசுக்கு மேலேயே புரிந்துகொள்கிறாள் என்றார். எழுத்தைப் பார்த்ததும் அதன் ஓசை நமக்குத் தானாக வந்துவிடுகிறது, இவளுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாகத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் களைத்துப்போகிறாள். டிஸ்லெக்சியா என்று பெயர் சொன்னார். தமிழில் கற்றல் குறைபாடு என்று எழுதுவார்கள் என்றார். மருந்து கிடையாது, ஆனால் சொல்லிக்கொடுக்கும் முறை இருக்கிறது, தேர்வில் சலுகை இருக்கிறது என்று விளக்கினார். பிறகு கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது படிப்பதில் இப்படிச் சிரமம் இருந்ததா என்று.

நான் உடனே இல்லை என்றேன்.  என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மகள் ஜன்னல் ஓரம், நான் நடுவில். வெயில் ஏறிவிட்டிருந்தது. காலையிலிருந்து மூளையைக் கசக்கியதில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டாள். டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் அவர் வண்டியை ஒரு புளியமர நிழலில் ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். லோடு இறக்குகிற இடமும் இல்லை, டீக்கடையும் இல்லை. நான் என்னவென்று பார்த்தேன்.

"அந்தம்மா கேட்டாங்கள்ல," என்றார். "வேற யாருக்காச்சும்னு."

"ஆமா."

"எனக்கும் இதேதான் புள்ள."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் எட்டாவது வரை படித்தவர் என்று கல்யாணத்தின்போதே சொல்லியிருந்தார்கள். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"வாத்தியாரு எந்திரிச்சு வாசிக்கச் சொல்லுவாரு. ஒரு எழுத்தப் புடிக்கிறதுக்குள்ள அதுக்கு முந்துன எழுத்து போயிரும். பயலுக சிரிப்பாய்ங்க. எட்டாவது வரைக்கும் எப்படியோ தள்ளிவிட்டாய்ங்க. ஒம்பதாவதுக்கு நான் போகல. மக்குன்னுதான் நெனச்சுக்கிட்டேன். இம்புட்டு நாளும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் பேசப் பேச எனக்கு ஒவ்வொன்றாகத் துலங்கியது. கல்யாணப் பத்திரிகை வந்தால் பிரிக்காமலே என் கையில் கொடுத்துவிடுவார். கரண்டு பில் மெசேஜ் வந்தால் போனை நீட்டுவார். யாருக்கும் எழுதி அனுப்ப மாட்டார், குரல் பதிவுதான். மார்க்கெட்டுக் கமிஷன் கடை விற்பனைச் சீட்டை அங்கேயே யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வருவார். பஸ்ஸின் நிறத்தையும் கடைப் பலகையில் இருக்கும் படத்தையும் வைத்து வழி சொல்வார். ஆம்பளைகளுக்கே உள்ள அலட்சியம் என்று நான் நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டாக்டரு கிறுக்குனதையே வாசிக்கிறவ நீ," என்றார். "உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் ஜன்னல் பக்கமிருந்து சத்தம் வந்தது. மகள் தூங்கவில்லை.

"அப்பா, உங்களுக்கும் மூணு சுழி, ரெண்டு சுழி ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்குமா?"

"அப்படித்தான் இருக்கும் பாப்பா."

"கொம்பு எங்க போடணும்னு தெரியாதா?"

"ஒரு எழவும் தெரியாது."

அவள் சிரித்தாள். பள்ளி மாறியதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கூட்டு கிடைத்துவிட்ட சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

தேர்வுச் சலுகைக்குத் தேவையான சான்றிதழை வாங்குவதில் ஒரு தடங்கல் வந்தது. என் அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். மாற்றுத்திறனாளி என்று அரசாங்கத் தாளில் எழுதி வாங்கினால் நாளைக்குப் பொண்ணு கேட்டு வருகிறவன் என்ன நினைப்பான், படிப்பு வராவிட்டால் தையல் கற்றுக்கொள்ளட்டும், எதற்கு இல்லாத பட்டம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கே அரை மனசாக ஆகிவிட்டது. நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கையில் என் கணவர் பேசினார். மச்சானை எதிர்த்து ஒரு சொல் பேசாதவர்.

"எனக்கு அன்னைக்கு இப்படி ஒரு பேப்பரு குடுத்திருந்தா நான் எட்டாவதோட நின்னுருக்க மாட்டேன் மச்சான். எம்புள்ளைக்கு அது வேணும்."

 அண்ணன், சரி மாப்ள, உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அதன்பின் சிறப்பாசிரியை எங்கள் வீட்டுக்கும் வர ஆரம்பித்தார். ஒரு அட்டையில் நீளமாக ஒரு ஜன்னல் வெட்டிக் கொடுத்தார். அதைப் புத்தகத்தின் மேல் வைத்தால் ஒரு வரி மட்டும்தான் தெரியும். மற்ற வரிகள் கண்ணை இழுக்காது. தாம்பாளத்தில் கேழ்வரகு மாவைப் பரப்பி, எழுத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொன்னார். எழுதிய சொல்லை அசை அசையாகக் கை தட்டிப் பிரிக்கச் சொன்னார். என் வேலை, எல்லாப் பாடத்தையும் என் குரலில் போனில் பதிவு செய்து கொடுப்பது. கடைக்குப் போகும் பஸ்ஸில் நான் வாசித்துப் பதிவு செய்ததில் கண்டக்டர் விசில் எல்லாம் சேர்ந்திருக்கும். மகள் கேட்டது போக, என் கணவர் வண்டியிலும் அதைப் போட்டுக் கேட்டார். லோடு ஏற்றப் போன இடத்தில் மண்ணின் வகைகளைப் பற்றித் தோட்டக்காரரிடம் பேசினார் என்று கேள்விப்பட்டேன்.

மாவுத் தாம்பாளத்துக்கு முன்னால் சாயந்திரத்தில் அவரும் உட்கார்ந்தார். முதலில் மகளுக்குத் துணையாக என்றார். பிறகு அந்தச் சாக்கையும் விட்டுவிட்டார். மகள்தான் அவருக்குத் திருத்துவாள். கோபம் வந்தால் அவர் எழுந்து போய்விடுவார். மறுநாள் மறுபடி உட்காருவார்.

ஒரு நாள் நான் கடையில் இருக்கும்போது போன் செய்தார். அவர் அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார் என்பதால் எனக்குப் படபடப்பாகிவிட்டது.

"பால் பூத்துச் சுவத்துல ஒரு நோட்டீஸு ஒட்டியிருக்கு. முழுசா வாசிச்சுட்டேன்."

"என்ன போட்டிருக்கு?"

"ரெண்டு நாளைக்குத் தண்ணி வராதாம்."

தண்ணீர் வராது என்பதை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் குடங்கள் காலியாக இருந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை.

அவர் இன்றைக்கும் பேப்பர் படிக்கிறவராக ஆகிவிடவில்லை. ஒரு பக்கம் வாசிக்க நிறைய நேரம் எடுக்கும், பாதியில் விட்டுவிடுவார். ஆனால் மறைப்பதை நிறுத்திவிட்டார். கமிஷன் கடையில், எனக்கு வாசிக்கிறதில் சிரமம், படித்துச் சொல்லுங்கள் என்று நேராகவே கேட்கிறார். யாரும் சிரிக்கவில்லையாம். கூட வண்டி ஓட்டும் ஒருவர் தனியாக அழைத்துப் போய், தன் பையனுக்கும் இப்படி இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தாராம்.

மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். சலுகைக்கான விண்ணப்பம் எல்லாம் பள்ளி மூலமாகப் போய், அனுமதி வந்தது. ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு உண்டு. அவள் ஆங்கிலத்தை விட்டுவிட்டாள். மற்றத் தேர்வுகளுக்குத் தனி அறை, கூடுதலாக ஒரு மணி நேரம், அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆசிரியர். யார் வருவார் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்கு வீட்டில் பழக்கினோம். அவள் பதில் சொல்ல, நான் எழுதினேன். சிறப்பாசிரியை ஒரு நாள் உட்கார்ந்து கவனித்துவிட்டு, "அக்கா, நீங்க அவ மனசுல இருக்கிறதையும் சேத்து எழுதுறீங்க. அங்க வாயில வர்றத மட்டுந்தான் எழுதுவாங்க," என்றார். உண்மைதான். அவள் பாதி சொல்லும்போதே எனக்கு மீதி புரிந்துவிடும். அதன்பிறகு என்னை நீக்கிவிட்டு, பள்ளியில் கணக்கு டீச்சரிடமும் ஓவிய ஆசிரியரிடமும் பழகவைத்தார். எங்கே வாக்கியம் முடிகிறது, எங்கே புதுப் பத்தி, எந்தச் சொல்லுக்கு அடிக்கோடு என்று அவளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் வாய் ஓயாத பெண், வெளியாட்களிடம் முணுமுணுப்பாள். அதுதான் எனக்குப் பயம்.

முதல் தேர்வு தமிழ். தேர்வு மையம் வேறொரு பள்ளி. வாசலில் நின்றவர் அவளைப் பொதுவான அறைக்கு அனுப்பிவிட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளாகவே ஏதாவது சொல்வாளா என்று நானும் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனவள் நின்று, அங்கே இருந்த ஒரு ஆசிரியரிடம் ஹால் டிக்கெட்டைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, அவளைக் கூட்டிக்கொண்டு கடைசி அறைக்குப் போனார். மணி அடிப்பதற்கு முன்பே அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று அந்த ஆசிரியரே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் மற்றப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்தார்கள். கேள்வித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே கலைந்து போனார்கள். ஐஸ் வண்டிக்காரர்கூடப் போய்விட்டார். நான் வேப்ப மர நிழலில் நின்றேன். என் கணவர் லோடை இறக்கிவிட்டு நேராக அங்கேயே வந்தார். உள்ளே ஒரு குரல் பேசிக்கொண்டிருக்கிறது, இன்னொரு கை எழுதிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கவே எனக்கு என்னமோ போல் இருந்தது. இவ்வளவு பெரிய ஏற்பாடு எங்கள் பிள்ளை ஒருத்திக்காக.

அவள் வெளியே வந்ததும் முதலில் கேட்டது தண்ணீர். பாட்டிலைப் பாதி காலி செய்தாள்.

"பேசிப் பேசித் தொண்டை வத்திப்போச்சும்மா," என்றாள். குரல் கம்மியிருந்தது.

பின்னாலேயே அவளுக்காக எழுதிய ஆசிரியை வந்தார். கண்டிப்பான முகம். கேள்வியைப் பற்றியோ பதிலைப் பற்றியோ எங்களிடம் பேச அவருக்கு அனுமதி கிடையாது, நாங்களும் கேட்கவில்லை. எங்களைக் கடந்து போனவர் நின்று, வலது கையை உதறிக் காட்டி, "ஒரு வரி எழுதி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வரி வந்துருது. அடுத்த பரீட்சைக்கும் நான்தான்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

என் கணவர் என்னைப் பார்த்தார்.  எத்தனையோ மாதமாக என் தோளில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிவிட்டது போல் இருந்தது. மதிப்பெண் என்னவோ வரட்டும், அவளுக்குத் தெரிந்தது இந்தத் தடவை பேப்பருக்குப் போய்விட்டது. அது போதும்.

முடிவு வந்த அன்று கடைக் கம்ப்யூட்டரில் நான்தான் பார்த்தேன். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். கணக்கில் சுமார்தான். அறிவியலில் வகுப்பில் பாதிப் பேரைவிட நல்ல மதிப்பெண். அவர் அப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்தார். போனில் சொன்னேன்.  மூட்டை இறக்கும் சத்தமும் ஏலக் குரலும்தான் கேட்டன. பிறகு பக்கத்தில் யாரோ வியாபாரி கேட்பது காதில் விழுந்தது.

"ஏனுங்க, என்னாச்சுங்க? ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?"

"இல்லண்ணே," என்றார் இவர். "எம்புள்ள பத்தாவது பாஸு."

இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். உயிரியல் எடுத்திருக்கிறாள். இது வேறு பள்ளி, டவுனில் உள்ள மேல்நிலைப் பள்ளி. சேர்ந்த முதல் வாரத்தில் வகுப்பாசிரியை போன் செய்து வரச்சொன்னார். தனியார் பள்ளியில் விரித்துக் காட்டிய விடைத்தாள்தான் நினைவுக்கு வந்தது. வழியெல்லாம் என்ன சொல்லிப் புரியவைப்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். சான்றிதழ் நகல்களை எல்லாம் பையில் எடுத்து வைத்திருந்தேன்.

ஆசிரியை என்னை உட்காரச் சொன்னார். தேர்வுச் சலுகைக்கான அனுமதியை மறுபடி வாங்க வேண்டும், சான்றிதழின் நகல் ஒன்று வேண்டும், அதற்குத்தான் கூப்பிட்டேன் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே மகள் சொல்லிவிட்டாளாம். ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னபோது, தனக்கு வாசிப்பதும் எழுதுவதும் மெதுவாகத்தான் வரும், கேட்டால் நன்றாகப் புரியும், அதனால் முதல் பெஞ்சில் உட்கார இடம் வேண்டும் என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள்.

நகலைக் கொடுத்தேன். ஆசிரியை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, வேறு ஒன்றும் இல்லை, நீங்கள் கிளம்பலாம் என்றார். வெளியே வந்து நேரம் பார்த்தேன். அரை நாள் விடுப்புச் சொல்லியிருந்தேன். அதில் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. கடைக்குப் போகாமல், ரோட்டோரக் கடையில் ஒரு டீ வாங்கி, அவசரமில்லாமல் குடித்தேன்.